பதினோராம் கொண்டை ஊசி

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பன்னிரண்டாம் வளைவு வரை சிக்னல் கிடையாது.
பதினொன்றில் வண்டி திரும்பியதும்
மரங்கள் விலகி
சேலம் மொத்தமும் தாம்பாளத்தில் வைத்ததுபோல் தெரியும்.
சட்டைப் பைக்குள் அடைபட்டுக் கிடந்ததெல்லாம்
அப்போது ஒரே மூச்சில் போகும்.

அன்று ஆறு நாற்பது வண்டி. கூட்டமில்லை.
டிக்கெட் போட்டு முடித்துக்
கடைசி சீட்டில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகத் தட்டி வைத்திருந்தேன்.
கேஸ் புக் பண்ணிட்டியா.
பையன் சாப்பிட்டானா.
மிளகு வாங்கியிருக்கேன், அரைக் கிலோ.
என்ன, பதிலே காணோம்.
அப்புறம் வெறும் ஒரு கேள்விக்குறி,
அதுவும் கொண்டை ஊசி மாதிரியே.

ஐந்தும் சேர்ந்து
ஐந்து ரோட்டில் போய் இறங்கின,
கோகிலவாணியின் உள்ளங்கையில்.

லேப் விட்டுப் பாலத்துக்கு அடியில்
குறுக்கே நடந்துகொண்டிருந்தாள்.
நாள் முழுக்க அடுத்தவர் நரம்பைத் தேடிக் களைத்த கண்.
பிற்பாடு சொன்னாள்:
"ஒண்ணு வந்தா வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்னு விட்டிருப்பேன்.
அஞ்சு வந்தா யாருக்கோ என்னமோன்னுதானே தோணும்?"

ஷேர் ஆட்டோவின் கண்ணாடி முழங்கையைத் தட்டியது.
அடுத்த காலடிக்குத் தரை இருக்க வேண்டிய இடத்தில்
குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் இருந்தது.
கயிறு கட்டித்தான் வைத்திருந்தார்கள்,
மூன்று பக்கம்.

அடிவாரத்தில் செக்போஸ்டைத் தாண்டும்போது
எங்கள் கண்டக்டர்கள் குரூப்பில் ஒரு படம்.
நம்ம ஆள் வீட்டம்மா மாதிரி இருக்கே, யாருன்னு பாருங்கப்பா.
அவள் தலையைத் தாங்கியிருந்த கை
மணிக்கட்டு வரை சிவப்பு.

கோரிமேட்டில் ஏறிய யாருக்கும் நான் டிக்கெட் கொடுக்கவில்லை.
விசிலுக்குக் காத்திராமல்
எத்திராஜ் அண்ணனே நிறுத்தி நிறுத்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது,
அது தட்டுவடை செட் போடுகிறவர் கை.
பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தவர்
அப்படியே ஓடிவந்திருக்கிறார்.
வராந்தாவில் நின்றுகொண்டு
கையை எங்கே கழுவுவது என்று கேட்டார்.

கணுக்காலில் இரண்டு ஸ்குரூ.
போனில் ஒரு கீறல் இல்லை,
புது பஸ் ஸ்டாண்டில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒட்டிய கண்ணாடி.
திறந்து பார்த்தேன்.
அனுப்பாமல் நின்றுபோன பதில்,
பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு
இன்னும் மினுக்கி மினுக்கி:
என்ன வில

மிளகைத்தான் கேட்டிருக்கிறாள்.

இப்போதெல்லாம் பன்னிரண்டு வந்ததும்
போனை அணைத்து டிக்கெட் பைக்குள் போட்டுவிடுகிறேன்.
இதனால் ஊர் ஒன்றும் நிமிர்ந்து நடந்துவிடப் போவதில்லை.
பள்ளிக்கூடத்துக் குரூப் இருக்கிறது, பேங்க் இருக்கிறது,
ரிசல்ட் வந்துச்சா என்று கேட்கிற நோயாளிகள் இருக்கிறார்கள்.
நானே போன வாரம் அஸ்தம்பட்டியில்
டூட்டி சார்ட்டைப் பார்த்தபடி நடந்து
மின்கம்பத்தில் மோதி
"பாத்துப் போங்கண்ணே" என்று
அதைக் கோபித்துக்கொண்டேன்.
வீட்டில் சொன்னதும் சிரித்தாள்.
சிரித்துவிட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை:
ஒலி எழுப்பவும்.
எத்திராஜ் அண்ணன் அழுத்துகிறார்.
எதிரே ஏறும் வேன் பதில் சொல்லி ஒதுங்குகிறது.
மலைக்கு அது சரி.

பதினொன்றில் திரும்பும்போது கீழே விளக்குகள்.
அதில் எது ஐந்து ரோடு என்று
எனக்கு இப்போது சட்டென்று தெரிகிறது.
அந்த வெளிச்சத்துக்குள் யாரோ ஒருத்தி
இந்நேரம் ஒரு காலை எடுத்து வைத்திருப்பாள்.
பைக்குள் போன கையை
வெறுங்கையாகவே வெளியே எடுக்கிறேன்.

கடந்து முடிக்கட்டும்.